பிடுங்குவதற்கு முன் கேட்க வேண்டியது

எங்கள் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரின் கன்னத்தைப் பார்த்தே அவருக்குக் கடைவாய்ப் பல் இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்லிவிடலாம். பல் போனவரின் கன்னம் உள்ளே ஒட்டியிருக்கும். மூக்கும் நாடியும் கிட்ட வந்திருக்கும். சாப்பிடும்போது முன்பல்லால் கொறித்துக் கொறித்து விழுங்குவார். வீட்டில் நண்டுக் கறி வைத்தால் குழம்பை மட்டும் சோற்றில் விட்டுக்கொண்டு, நண்டைப் பேரப்பிள்ளைகளின் பக்கம் தள்ளிவிடுவார். பிள்ளைகள்மேல் எவ்வளவு பாசம் என்று வீட்டில் நினைப்பார்கள். பாசம் உண்டுதான். கடிக்கப் பல் இல்லாததும் உண்டு.

முன்னேஸ்வரம், சிலாபம், உடப்பு என்று இந்தக் கரையோரத்தில் நான் பழகிய தலைமுறைக்குப் பல் வைத்தியம் என்றால் பிடுங்குவது ஒன்றுதான். பல்லுக்கொதி வந்தால் முதலில் கராம்பு வைப்பார்கள். உப்புத் தண்ணீரில் கொப்புளிப்பார்கள். இரண்டு நாள் பனடோல் போடுவார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று, பல்லைக் கழட்டிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி பஸ்ஸில் திரும்பி வருவார்கள். "சனியன் தொலைந்தது" என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவார்கள். இதில் வைத்தியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கதிரையில் ஏறும்போதே "கழட்டிவிடுங்கோ டொக்டர், இனி ஏலாது" என்று சொல்லிக்கொண்டு ஏறுகிறவர்கள் நாம்தான்.

நான் வாழ்நாள் முழுவதும் படிப்பித்தவன். பல் வைத்தியன் இல்லை. ஆனால் இந்த வயதில், சுற்றியுள்ளவர்களின் வாயையும் என் வாயையும் பார்த்து ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கிறேன். அரைவாசிக்குமேல் உடைந்துபோன கடைவாய்ப் பல்லையும் பெரும்பாலும் திருப்பிக் கட்ட முடியும். அதற்கு வேண்டியது மீதி நிற்கிற பகுதியும், அதைப் பெறுமதியானது என்று எண்ணுகிற மனமும். அந்த மனம் நமக்குக் குறைவு. உடைந்ததைக் கண்டால் தூக்கி எறிவதுதான் புத்திசாலித்தனம் என்று எப்படியோ பழகிவிட்டோம்.

பிடுங்கிய இடம் சும்மா கிடப்பதில்லை. ஆதரவு போனதால் பக்கத்துப் பல் மெல்ல மெல்ல அந்தக் குழியை நோக்கிச் சரியும். மேலே இருக்கும் எதிர்ப்பல் கடிக்க ஆள் இல்லாமல் கீழே இறங்கும். இடைவெளியில் சோறு போய் அடையும். அங்கே அடுத்த சூத்தை தொடங்கும். பல்லைத் தாங்கிய எலும்பும் வேலை இல்லாமல் தேய்ந்து குறையும். ஒரு பல்லைப் பிடுங்கியவர் சில வருடங்களில் அதே பக்கத்தில் இன்னொன்றைப் பிடுங்க வருவதற்கு இதுதான் காரணம். ஊரில் இதை "வயசு" என்று சொல்லிக்கொள்கிறோம்.

கடைவாய்ப் பல் ஒரே கடியில் உடைவதாகத்தான் நமக்குத் தோன்றும். "நண்டுக் காலைக் கடித்தேன், டக்கென்று உடைந்தது" என்பார்கள். சிலாபத்துக் களப்பு நண்டின் கால் ஓடு கெட்டிதான். கொட்டைப்பாக்கும் காய்ந்த ஒடியலும் அதற்குக் குறைந்தவை இல்லை. ஆனால் பல் அதற்கு முன்பே பல வருடங்களாக உடைந்துகொண்டு வந்திருக்கும். நம் வயதுக்காரர் பலருக்கு இளமையில் அடைத்த வெள்ளி நிற அடைப்பு கடைவாயில் இருக்கிறது. இரசத்தோடு வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்து செய்வது அது. கெட்டியான பொருள்தான், ஆனால் பல்லோடு ஒட்டாது. ஒட்டாத பொருள் விழாமல் நிற்க வேண்டுமென்றால் குழியின் வாயைவிட அடியை அகலமாகக் குடைய வேண்டும். அப்படிக் குடைந்தால் இருபக்கச் சுவர்களும் மெலிந்துபோகும். ஒவ்வொரு கடியிலும் அந்தச் சுவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் விரிந்து சுருங்கும். இருபது, முப்பது வருடம் கழித்து ஒரு நாள் ஒரு சுவர் அப்படியே பிளந்து வரும். கீழ்த்தாடையில் பெரும்பாலும் நாக்குப் பக்கத்துச் சுவர்தான் முதலில் போகும். நண்டுக் கால் வெறும் சாட்சி.

வேர்ச் சிகிச்சை செய்த பல்லின் கதை இன்னும் பரிதாபம். நரம்பை எடுப்பதற்காகப் பல்லின் கூரையைத் திறந்திருப்பார்கள். சிகிச்சை முடிந்ததும் வெள்ளையாக ஒரு தற்காலிக அடைப்பு வைத்து, "திரும்ப வாங்கோ, நிரந்தரமாகக் கட்ட வேண்டும்" என்று சொல்லி அனுப்புவார்கள். வலி போய்விட்டதால் போக மாட்டோம். திருவிழா வரும், கலியாணம் வரும், மாதங்கள் போகும். கூரை இல்லாத சுவர்கள் ஒரு நாள் நெடுக்காகப் பிளந்து, பிளவு வேர்வரை இறங்கிவிடும். அதன்பிறகு எந்தக் கெட்டிக்கார வைத்தியராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய பல் ஒரு அடைப்பு இல்லாததால் போய்விடும்.

வலி நின்றுவிட்டால் நோய் நின்றுவிட்டது என்று நம்புவதுதான் பெரிய ஆபத்து. நாள்கணக்காகக் குத்திய பல் ஒரு காலையில் அமைதியாகிவிட்டால், அநேகமாக உள்ளே நரம்பு செத்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். கிருமி அதற்குப் பிறகும் வேரின் நுனிவரை இறங்கிக்கொண்டிருக்கும். குடும்பச் சண்டையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். கத்திக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று பேசாமல் போனால் சமாதானம் வந்துவிட்டது என்று பெரியவர்கள் மகிழ்ந்துபோவார்கள். நான் அந்த வீட்டுக்கு உடனே போய்வருவேன்.

இப்போது பல்லின் நிறத்திலேயே வைத்துக் கட்டுகிற பொருளுக்கு வருகிறேன். கம்போசிட் என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். நுணுக்கமாக அரைத்த கண்ணாடித் தூளை ஒரு பிசினில் குழைத்தது. குழைவாக இருக்கும், நீல ஒளியைக் காட்டினால் சில நொடிகளில் கல்லாக இறுகும். இதன் சிறப்பு நிறத்தில் இல்லை, ஒட்டுவதில் இருக்கிறது. 1955இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவனகோர் என்ற ஆய்வாளர் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். உலோகத்தில் பெயின்ட் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பொஸ்பரிக் அமிலம் பூசுவார்கள். அதையே பல்லின் எனாமலில் அரை நிமிடம் பூசிக் கழுவிப் பார்த்தார். வழுவழுப்பான எனாமல் நுண்ணிய பள்ளங்களோடு சுரசுரப்பாகி, பிசினை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. 1962இல் ரஃபேல் போவன் என்பவர் இன்றைய கம்போசிட்டின் தாய்ப் பிசினை உருவாக்கினார். எனாமலுக்கு உள்ளே இருக்கும் ஈரமான தந்தினத்தில் ஒட்ட வைப்பதுதான் கடினமாக இருந்தது. பிசின் தந்தினத்துக்குள் ஊடுருவி அதனோடு கலந்த ஒரு படலமாகிறது என்பதை ஜப்பானியரான நகபயாஷி 1982இல் காட்டினார். ஒட்டுகிற பொருள் கிடைத்ததும் வைத்தியத்தின் கணக்கே மாறியது. அடைப்பு நிற்பதற்காக நல்ல பல்லைக் குடைய வேண்டிய தேவை போய்விட்டது. கெட்டதை மட்டும் எடுத்தால் போதும்.

என் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லின் உள்பக்கச் சுவர் போனபோது, பக்கத்திலிருந்து நாக்கை அறுத்த விளிம்பைத் தடவிக்கொண்டுதான் நானும் போனேன். பார்த்த வைத்தியர் என் மகள் வயதுப் பெண். கதிரையைச் சாய்த்து, விளக்கைத் திருப்பி, நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். படம் எடுத்தார். பிறகு, "ஐயா, உள்பக்கச் சுவர் போயிட்டுது. வெளிச் சுவர் நல்லா இருக்கு. வேருக்கு ஒண்டும் இல்ல. இதைக் கழட்டத் தேவையில்ல, கட்டுவம்" என்றார். எத்தனை பேருக்கு அந்தச் சொல் கிடைக்காமல் போயிருக்கும் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

விறைப்பு ஊசி போட்டதும் கீழுதட்டில் பாதி எனக்குச் சொந்தமில்லாததுபோல ஆனது. முதலில் பழைய வெள்ளி அடைப்பைத் துண்டு துண்டாக எடுத்தார். அதன் அடியில் பழுப்பு நிறத்தில், தோலைப்போல மெத்தென்று அழுகல் இருந்தது. கண்ணாடியில் எனக்கும் காட்டினார். சின்னக் கரண்டியால் அதைச் சுரண்டிச் சுரண்டி, கெட்டியான தந்தினம் தட்டுப்படும்வரை போனார். நரம்புக்கு மிக அருகில் வந்ததும் கையை நிறுத்திக்கொண்டார். பின்பக்கம் நின்ற ஒரு மூலை மிக மெல்லியதாக இருந்தது. இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவு. அதை விட்டால் அடுத்த முறை அதுதான் உடையும் என்று சொல்லி, உயரத்தைக் குறைத்து, மேலே கம்போசிட்டால் மூடப்போவதாக விளக்கினார். நிற்கிறதை எல்லாம் நிற்க விடுவது காப்பது ஆகாது. பாரம் தாங்காததைத் தாழ்த்தி, தாங்கக் கூடியதால் மூடுவதும் காப்பதில் சேர்த்திதான். குடும்பப் பொறுப்பைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கத் தயங்குகிற என் வயதுக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

அடுத்து ஒரு மெல்லிய இறப்பர் விரிப்பில் ஓட்டை போட்டு, பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டினார். 1864இல் சன்ஃபோர்ட் பார்னம் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் கண்டுபிடித்த முறை இது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அது புழக்கத்தில் இருக்கிறது. இந்த வேலைக்குப் பெரிய எதிரி எச்சில். ஒரு துளி பட்டாலும் ஒட்டு பலவீனமாகும். ஈறிலிருந்து வரும் இரத்தக் கசிவும் அப்படித்தான். பக்கத்துப் பல்லுக்கும் இதற்கும் நடுவே காகிதத்தைவிட மெல்லிய எஃகுத் தகட்டை வளைத்து வைத்து, அடியில் சின்ன மர ஆப்பைச் செருகினார். புதிய சுவர் பக்கத்துப் பல்லை இறுக்கமாகத் தொட வேண்டும் என்பதற்காக. அந்தத் தொடுகை தளர்ந்தால் நாளெல்லாம் இறைச்சி நார் போய் அடையும்.

நீல நிற அமிலப் பசையைப் பூசி, கொஞ்ச நேரத்தில் கழுவியதும் எனாமலின் விளிம்பு சுண்ணாம்புபோல வெளுத்தது. தந்தினத்தை ஒரேயடியாகக் காய விடாமல் இலேசான ஈரத்தோடு வைத்து, ஒட்டுத் திரவத்தைத் தேய்த்து, காற்றை ஊதிப் பரப்பி, நீல ஒளி காட்டினார். அதற்குப் பிறகுதான் கம்போசிட். முதலில் தகட்டோடு ஒட்டிய சுவரை எழுப்பினார். பிறகு உள்ளே, ஒரு தடவைக்கு இரண்டு மில்லிமீற்றருக்குமேல் போகாமல், சாய்வு சாய்வாகப் படை படையாக வைத்தார். ஒவ்வொரு படைக்கும் ஒளி. ஏன் ஒரே தடவையில் நிரப்பக் கூடாது என்று கேட்க வாய் திறந்திருந்தும் பேச முடியவில்லை, அவரே சொன்னார். இந்தப் பொருள் இறுகும்போது இரண்டு, மூன்று சதவீதம் சுருங்கும். மொத்தமாக அப்பினால் அந்தச் சுருக்கம் பல்லின் சுவர்களை உள்ளே இழுக்கும், அல்லது ஒட்டைப் பிரித்துவிடும். ஒளியும் ஆழத்துக்குப் போகாது. மேலே கல்லாக இருக்கும், அடியில் வேகாத மாவாக இருக்கும். கடைசியில் ஒரு மெல்லிய கருவியால் பல்லின் குன்றுகளையும் பள்ளங்களையும் ஒவ்வொன்றாக வரைந்தார். நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, உயர்ந்த இடங்களைத் தேய்த்துத் தேய்த்து மட்டம் பார்த்தார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பிடுங்கியிருந்தால் பத்து நிமிடம்.

எஞ்சியதன்மேல் திரும்பக் கட்டுவது முன்னேஸ்வரத்தில் பிறந்தவனுக்குப் புதிய பாடம் இல்லை. 1578இல் போர்த்துக்கேயர் முன்னைநாதர் கோயிலை இடித்தார்கள்; மிஞ்சிய அடித்தளத்தின்மேல் தங்கள் தேவாலயத்தை எழுப்பினார்கள். சீதாவாக்கை இராஜசிங்கன் காலத்தில் கோயில் திரும்ப எழுந்தது. மறுபடியும் போர்த்துக்கேயர் கையாலேயே விழுந்தது. கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் எடுத்துக் கட்டி, 1753இல் குடமுழுக்கு நடந்தது. பிறகு 1875, 1919, 1963 என்று திருப்பணிகள். இன்று ஆவணி உற்சவத்தில் தமிழரும் சிங்களவரும் ஒன்றாக வந்து தேங்காய் உடைக்கிற வீதி அப்படி வந்ததுதான். பல்லிலும் கேள்வி அதேதான்: அடித்தளம் இருக்கிறதா? ஈறுக்கு மேலே, சுற்றிவர ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் உயரத்துக்காவது நல்ல பல் நின்றால் கட்டியது நிலைக்கும் என்பது வைத்தியர்களின் கணக்கு. ஒரு அரிசியின் நீளம்கூட இல்லாத அளவு அது. அதற்காகத்தான் சீக்கிரம் போங்கள் என்கிறேன். உடைந்த பல்லில் ஒவ்வொரு மாதமும் கரைவது அந்த இரண்டு மில்லிமீற்றர்தான்.

எல்லாப் பல்லையும் கட்டலாம் என்று சொன்னால் அது பொய். பிளவு வேருக்குள் இறங்கியிருந்தால் கட்ட முடியாது. சூத்தை எலும்பு மட்டத்துக்குக் கீழே போயிருந்தால், பல் மிகவும் ஆட்டம் கண்டிருந்தால், பிடுங்குவதுதான் சரியான வைத்தியம். சில பல்லுக்குக் கம்போசிட்டைவிட முழுமையாக மூடும் கிரவுண்தான் ஏற்றது. இரவில் பல்லை நெருமுகிறவர்களுக்குக் குறிப்பாக. கட்டியதும் என்றென்றைக்கும் நிற்காது. கடைவாய்ப் பற்களில் வைத்த 2,816 கம்போசிட் அடைப்புகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2014இல் வெளியான ஆய்வு, பத்து வருடக் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 சதவீதம் பழுதாவதாகக் கண்டது. இழந்த சுவர்களின் எண்ணிக்கை கூடினாலும், சூத்தை அதிகம் வரும் வாயாக இருந்தாலும் பழுது கூடும். அதே 2014இல் வந்த கொக்ரேன் மீளாய்வு, கடைவாயில் வெள்ளி அடைப்பு கம்போசிட்டைவிடக் குறைவாகவே பழுதானது என்றும் சொன்னது. இரசம் சுற்றாடலுக்குத் தீங்கு என்பதால் 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை அதைக் குறைக்கச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து பல் அடைப்பில் பொதுவாகவே அதைத் தடைசெய்துவிட்டது. அதற்காக வாயில் நல்லபடி இருக்கிற பழைய வெள்ளி அடைப்பை யாரும் போய்த் தோண்டுவிக்க வேண்டாம். உழைத்த பொருள் அது, உழைக்கட்டும்.

காசு ஒரு பெரிய விடயம்தான். தனியார் கிளினிக்கில் கம்போசிட் மலிவில்லை. 2022இல் ரூபா விழுந்த பிறகு இறக்குமதிப் பொருள் எதுவும் மலிவில்லை. ஆனால் நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் பல் வைத்தியம் இலவசம். சிலாபம் ஆஸ்பத்திரியில் தொடங்கி, சிக்கலான பல்லென்றால் கொழும்பு தேசியப் பல் வைத்தியசாலை, பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை என்று வழி இருக்கிறது. காத்திருக்க வேண்டும், இரண்டு மூன்று தரம் போக வேண்டும். கதிர்காமத்துக்கு நடந்து போகிற சனங்கள் நாங்கள். ஒரு பல்லுக்காகப் பேராதனைக்கு பஸ் ஏற முடியாதா?

கட்டிய பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. இதைச் சொல்லும்போது எனக்கு மலையகத்துச் சகோதரர்களின் நினைவு வராமல் இருக்காது. 1970இல் நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பேராசிரியரும் அவரது குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் பற்களைப் பரிசோதிக்கத் தொடங்கி, 1985வரை தொடர்ந்து பார்த்தார்கள். தமிழ்த் தொழிலாளர்கள். பல் துலக்கும் பழக்கமும் பல் வைத்தியமும் எட்டிப் பார்க்காத லயங்கள். ஈறு நோய் தன் போக்கில் விடப்பட்டால் எப்படி முற்றும் என்பதை உலகம் அந்த ஆய்விலிருந்துதான் கற்றது. இன்றும் உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குச் சூத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனாலும் ஏறத்தாழ எட்டு சதவீதம் பேருக்கு ஈறு வேகமாகக் கரைந்து, நாற்பத்தைந்து வயதில் ஒரு பல்லும் மிஞ்சவில்லை. எண்பத்தொரு சதவீதம் பேருக்கு நடுத்தரமாக முற்றியது. பதினொரு சதவீதம் பேர் மட்டும் தப்பினார்கள். பாடப்புத்தகத்துக்கு உதவிய அந்த வாய்களுக்கு ஒரு தூரிகையும் ஒரு கிளினிக்கும் முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்ற வேதனை எனக்கு எப்போதும் உண்டு. அவர்கள் விட்டுச்சென்ற அறிவையாவது நாம் வீணாக்கக் கூடாது. பல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் ஈறு போனால் பல் போகும்.

கட்டிய பல்லில் புதிய சுவரும் பழைய பல்லும் சேருமிடம் பெரும்பாலும் ஈறின் ஓரத்தில்தான் வரும். அழுக்கு தங்குவதும் அங்கேதான். இரவில் படுக்கப் போகுமுன் புளோரைட் பற்பசையால் துலக்குவது, பல்லிடுக்கில் நூலோ சின்னத் தூரிகையோ விடுவது, வருடத்துக்கு ஒரு தரம் வைத்தியரிடம் காட்டுவது: இவ்வளவும் செய்தால் போதும். அதைவிட, வெற்றிலைத் தட்டை மூடிவையுங்கள். பாக்கு பல்லைத் தேய்த்துப் பிளப்பது ஒரு பக்கம். இலங்கை ஆண்களுக்கு மிக அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே சொல்லிவிட்டது. கலியாண வீட்டுத் தட்டில் மரியாதைக்காக ஒன்றை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மரியாதைக்குக் குறைவு வராது.

கடைசியாகப் பேரப்பிள்ளைகள். பெரியவர்களின் வாயில் உடைகிற கடைவாய்ப் பல்லில் பெரும்பாலானது, ஆறு வயதில் முளைத்த முதல் கடைவாய்ப் பல். அது பால்பல் எதையும் விழுத்திவிட்டு வருவதில்லை. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால், ஆரவாரம் இல்லாமல், தானாக முளைக்கும். அதனால் தாய்மார் அதையும் பால்பல் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். "விழுந்து முளைக்கிற பல்தானே" என்று சூத்தையை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பல் விழாது, திரும்ப முளைக்காது. ஆயுள் முழுவதற்கும் அது ஒன்றுதான். அதன் மேற்பரப்புப் பள்ளங்களை முளைத்த புதிதிலேயே மெல்லிய பிசினால் மூடிவிடலாம். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. இந்த நாட்டில் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் இருப்பதே இதற்காகத்தான். 1921இல் நியூசிலாந்து தொடங்கிய முறையை, 1950களில் அந்த நாட்டின் உதவியோடே இங்கே கொண்டுவந்து மகரகமவில் பயிற்சி கொடுத்தார்கள். என் பாடசாலைக்கும் வெள்ளை உடுப்புப் போட்ட அந்தப் பெண்கள் வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் மேசைக்கு அடியில் ஒளிவார்கள். பெற்றோரும் சிலர் அன்றைக்குப் பிள்ளையை அனுப்பாமல் விடுவார்கள்.

தயவுசெய்து அப்படி மறிக்காதீர்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்றைக்கே வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிக் கடைசிப் பல்லைப் பாருங்கள். பள்ளத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் பாடசாலைக் கிளினிக்கிலோ ஆஸ்பத்திரியிலோ இந்த மாதமே காட்டுங்கள். பெரியவர்களே, உங்கள் வாயில் உடைந்த பல் இருந்தால், கதிரையில் ஏறியதும் "கழட்டிவிடுங்கோ" என்று சொல்ல வேண்டாம். "இதைக் கட்டிக் காப்பாற்ற முடியுமா டொக்டர்?" என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு பிடுங்குங்கள். முடியும் என்றால், அடுத்த நாளைக்கு வரச் சொன்னால், மறக்காமல் போங்கள்.